காங்கோ மணலில் ஒரு வைப்பாற்று ஊற்று

1. படிகாரம் தீர்ந்த காலை

ஊருக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற வேலையில் இருப்பவன் காலையில் முதலில் படிகாரக் கிடங்கைப் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் பிறகுதான். அன்று நான் போய்ச் சேர்வதற்குள் சங்கரலிங்கம் சார் கிடங்கு வாசலில் நின்று ஒரு சாக்கைத் தலைகீழாகப் பிடித்து உதறிக்கொண்டிருந்தார். அதிலிருந்து தூசிதான் விழுந்தது.

"அண்ணாச்சி, இதோட சரி. இனி ஆத்துத் தண்ணியைத் தெளிய வைக்க ஒரு பிடி படிகாரம் கிடையாது" என்றார்.

இது நடந்தது எங்கள் கோவில்பட்டியில் இல்லை. ஆப்பிரிக்காவில், காங்கோ நாட்டில், ஸ்டான்லிவில் என்ற நதிக்கரை நகரத்தில். இப்போது அந்த ஊருக்குக் கிஸங்கானி என்று பெயர். அறுபதுகளின் தொடக்கம் அது. நாடு விடுதலை அடைந்த கையோடு உள்நாட்டுச் சண்டை தொடங்கி, ஊர் பாதி காலியாகிக் கிடந்தது. சங்கரலிங்கம் சார் தண்ணீரைச் சோதிக்கிற கெமிஸ்ட், நாகலாபுரத்துக்காரர். நான் பம்ப் மெக்கானிக் தேவசகாயம், கோவில்பட்டிக்காரன். எங்கள் தலைமை இன்ஜினியர் படிகாரம் வாங்கிவரத் தலைநகரத்துக்கு விமானத்தில் போயிருந்தார். போனவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. சரக்கு ஏற்றிவரும் படகுகளும் சண்டையால் நின்றுபோயிருந்தன.

படிகாரம் இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்று இளையவர்கள் கேட்பீர்கள். அந்த ஆற்றுத் தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும். படிகாரம் போட்டால் சேறு திரண்டு தொட்டியின் அடியில் படியும். மேல்தண்ணீரை மணல் ஃபில்டரில் விட்டு, பிளீச்சிங் பவுடர் கலந்து, மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுவோம். சேறு படியாவிட்டால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். கலங்கல் தண்ணீரில் எவ்வளவு பவுடர் கொட்டினாலும் பிடிக்காது. பவுடரைச் சேறே தின்றுவிடும். பவுடர் டின்கள் எங்களிடம் நிறைய இருந்தன. அவற்றை அடுக்கிவைத்து அழகு பார்க்கத்தான் முடியும்.

அன்று உச்சிவேளைக்குள் ஆஸ்பத்திரியிலிருந்து எலிசா அம்மா நடந்தே வந்துவிட்டார். பிள்ளைகள் வார்டின் தலைமை நர்ஸ் அவர். அந்த ஊர்க்காரர், நல்ல உயரம், பேச்சில் சுற்றிவளைப்பே கிடையாது. அங்கே எல்லோரும் சுவாஹிலியும் பிரெஞ்சும் கலந்து பேசுவார்கள். எனக்கு அது வர ஆறு மாதம் ஆயிற்று. வந்த பிறகு என் காதில் அது எங்கள் ஊர்ப் பேச்சாகவே விழுந்தது. அதனால் விழுந்தபடியே எழுதுகிறேன்.

"வயித்துப்போக்குல வந்த பிள்ளைக வார்டு நெறயக் கெடக்கு. குடிக்கிறதைக் காய்ச்சிக் குடுத்துருவேன். கழுவ, துவைக்க, தொடைக்க எம்புட்டுத்தான் காய்ச்ச? நாலு நாள் பார்ப்பேன். நல்ல தண்ணி வரலைன்னா வார்டை மூடிருவேன். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பணும். வீட்டுல அதே ஆத்துத் தண்ணியைத்தான் குடுப்பாக. அப்புறம் என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல."

சொல்லிவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விட்டார். சங்கரலிங்கம் சார் சாக்கை மடித்து மடித்து, மடிக்க இடமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

2. இறக்குவதே தொழிலாக

நான் எப்படி அங்கே போனேன் என்று சொல்ல வேண்டும். ஐம்பதுகளில் கரிசல் காட்டுக் கிணறுகளில் மாடு கட்டி இறைக்கிற கமலை போய் ஆயில் இன்ஜின் வந்த காலத்தில், கோவில்பட்டியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் தொழில் கற்றேன். கடம்பூரிலிருந்து குளத்தூர் வரை எந்த ஊர்க் கிணற்றில் இன்ஜின் நின்றாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவே சொல்கிறேன், அதில் என்ன தப்பு. புகையின் நிறத்தைப் பார்த்தே வியாதி சொல்லிவிடுவேன்.

எங்கள் பக்கம் மெக்கானிக்குக்கு ரிப்பேரைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. பம்ப் ஓரளவு ஆழம் வரைதான் தண்ணீரை உறிஞ்சும். கோடையில் கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க, இன்ஜினையும் கிணற்றுக்குள்ளேயே மேடை வெட்டி, சங்கிலி கட்டி, இறக்கிக்கொண்டே போக வேண்டும். அடுத்த கோடையில் இன்னும் கீழே. என் கையால் இறக்கிய இன்ஜின்களுக்குக் கணக்கில்லை. மேலே ஏற்றிவைத்ததாக ஒன்றுகூட நினைவில் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

காங்கோவில் வெள்ளைக்கார இன்ஜினியர்கள் கிளம்பிப் போய்விட்டதால், பல நாடுகளிலிருந்து தொழில் தெரிந்தவர்களை உலக நாடுகள் சபையின் நீலக்கொடியின் கீழ் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. மதராஸில் நேர்முகம். ஒரு பம்பைக் கழற்றிப் போட்டுப் பூட்டச் சொன்னார்கள். பூட்டிவிட்டு, அவர்கள் கவனிக்காத, பம்பின் சுழல்தண்டோரக் கிளாண்ட் கசிவையும் நிறுத்திக் காட்டினேன். எடுத்துக்கொண்டார்கள்.

ஒர்க்‌ஷாப் முதலாளி ராமசாமி அண்ணாச்சிக்கு வருத்தமும் பெருமையும் சரிபாதி. "ஏலே சகாயம், நம்ம ஊர்க் கெணத்துல தண்ணியே இல்லாம பம்பு ஓட்டின பய நீ. அங்கன ஆறே ஓடுதாம்லா. உனக்கு என்னலே வேலை இருக்கப் போவுது?" என்றார்.

என் மனைவி ஞானம்மாளின் கவலை வேறு. "தண்ணி இல்லாத ஊருக்குப் போறதுன்னா நமக்குப் பழக்கம். நீங்க தண்ணி நெறஞ்ச ஊருக்குல்லா போறீங்க. நீந்தத் தெரியுமா உங்களுக்கு?"

"ஏட்டி, நான் பம்பு ஓட்டப் போறேன், மீன் பிடிக்கப் போகல" என்றேன்.

கரிசலில் பிறந்தவனுக்கு நீச்சல் எங்கிருந்து வரும். எங்கள் கிணற்றில் விழுந்தால் கால்தான் உடையும்.

3. அந்த ஊரின் கதை

ஊரின் கதையை எனக்குச் சொன்னவர் பாஸ்கால். பம்ப் ஹவுஸில் என்னோடு வேலை பார்த்தவர். என் வயதுதான். அருவிக்கரை மீனவர் குடும்பம்.

தலைநகரத்திலிருந்து படகு ஆற்றில் எதிரேறி வந்தால் அந்த ஊரோடு நிற்க வேண்டும். அதற்கு மேலே பாறையும் அருவியும். அதனால்தான் ஊரே அங்கே உண்டாயிற்று. முதலில் மீனவர்கள் இருந்தார்கள். சுழித்து ஓடும் வெள்ளத்தில் பெரிய மரக்கம்பங்களை நட்டு, ஆள் உள்ளே படுத்துக்கொள்ளும் அளவுக்குக் கூடைகளைக் கட்டித் தொங்கவிட்டு மீன் பிடிப்பார்கள். பிறகு யானைத் தந்தத்துக்கும் அடிமைகளுக்குமாக வியாபாரிகள் வந்தார்கள். அதன் பின் வெள்ளைக்காரர்கள் வந்து கொடி நட்டார்கள். நேரான வீதிகள் போட்டு, மாமரம் வைத்து, கருப்பர் இருட்டிய பிறகு வெள்ளையர் தெருவில் நடக்கக் கூடாது என்றும் சட்டம் போட்டார்கள்.

அந்த ஊர்த் தபால் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த ஒருவர்தான் விடுதலை பெற்ற நாட்டின் முதல் பிரதமரானார். ஆன சில மாதங்களில் பதவியைப் பறித்து, பிடித்துக்கொண்டு போய்க் கொன்றுவிட்டார்கள். அவருடைய ஆட்கள் இந்த ஊரில்தான் தங்களுக்கென்று தனி அரசாங்கம் அமைத்தார்கள். அதுவும் கலைந்தது. நான் போனபோது பெரிய வீடுகளில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. கடைகளில் உப்பு கிடைத்தால் அன்று திருவிழா. ஆனால் அந்த ஊர் ஜனங்களின் தலை மட்டும் தாழவில்லை. கிழிந்த சட்டையையும் இஸ்திரி போட்டுத்தான் உடுத்துவார்கள்.

பாஸ்காலின் கதையும் அப்படித்தான். "வெள்ளைக்காரன் என்னை வால்வைத் தொடைக்க விட்டான், திருப்ப விடல. பன்னெண்டு வருஷம் தொடைச்சேன். தொடைக்கும்போது அவன் எந்தப் பக்கம் எத்தனை சுத்து திருப்புதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அவன் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடின அன்னைக்கு நானே திருப்பினேன். ஊருக்குத் தண்ணி ஒரு நாள் நிக்கல வே" என்பார்.

இதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு நிமிரும். எனக்கும் நிமிரும். நானும் கெஞ்சிக் கெஞ்சித் தொழில் கற்றவன்தானே.

4. ஆற்றங்கரையில் கிணறு தோண்டியவர்கள்

படிகாரம் தீர்ந்த அன்று மாலை நானும் சங்கரலிங்கம் சாரும் படகுத்துறைக்குக் கீழே நடந்தோம். ஆறு வற்றியிருந்த காலம். வற்றியது என்றால் நம் ஊர் வற்றல் இல்லை. அக்கரையில் நிற்கிற ஆள் அப்போதும் எறும்பாகத்தான் தெரிவான். ஆனால் கரையோரம் நீளமாக ஒரு மணல் திட்டு வெளியே வந்திருந்தது. நல்ல பருமணல். கையில் அள்ளினேன். அள்ளியதும் விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் என் அம்மா பிறந்த ஊர் ஞாபகம் வந்தது. அங்கே வைப்பாறு வருஷத்தில் பாதி நாள் வெறும் மணல்தான். பெண்கள் மணலில் குழி பறித்து, ஊற்று ஊறும் வரை உட்கார்ந்திருந்து, தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்புவார்கள். கண்ணாடி மாதிரி இருக்கும்.

"சார்வாள், வைப்பாத்து ஊத்துல தண்ணி எடுத்திருக்கீங்களா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மணலைப் பார்த்தார். "மணலே ஃபில்டர்" என்றார் மெல்ல. "அண்ணாச்சி, ஆத்துக்குள்ள எடுக்காம கரையில தள்ளி எடுத்தா, சேறை மணல் பிடிச்சுக்கிடும். புஸ்தகத்துல படிச்சிருக்கேன். எங்க ஆத்தா செய்ததுதான் அதுன்னு இன்னைக்குத்தான் ஒறைக்குது."

இரண்டு பேரும் அங்கேயே நின்று சிரித்தோம். சிறுபிள்ளைகள் மாதிரி சிரித்தோம் என்றால் மிகையில்லை.

மறுநாள் வேலை தொடங்கியது. காலி எண்ணெய் டிரம்களின் இரண்டு பக்கத்தையும் வெட்டி எடுத்து, சுற்றிலும் உளியால் ஓட்டை போட்டோம். அதுதான் உறை. நிறுத்திவைத்து உள்ளே மணலை அள்ள அள்ள, உறை தன் பாரத்தில் தானே இறங்கும். மேலே இன்னொன்றை வைத்துப் பூட்ட வேண்டும். வெளியே சுற்றிச் சரளை கொட்ட வேண்டும். கைவிட்டுப்போன காப்பித் தோட்டத்திலிருந்து சின்ன டீசல் பம்ப் ஒன்றைப் பாஸ்கால் தேடிக்கொண்டு வந்தார்.

வேடிக்கை பார்க்க ஊரே கூடிவிட்டது. அவ்வளவு பெரிய ஆறு பக்கத்தில் ஓட, அதன் கரையில் தண்ணீருக்காகக் குழி தோண்டுகிறவர்களை அவர்கள் எங்கே பார்த்திருக்கிறார்கள். ஒரு கிழவர் என் தோளைத் தட்டி, ஆற்றைக் கையால் காட்டி, "தம்பி, அது அங்கன இருக்கு" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. "சிரிங்க, சிரிங்க. குடிக்க வரும்போது பேசிக்கிடுவோம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுத் தோண்டினேன்.

ஊறிய முதல் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட வேண்டும் என்பது வைப்பாற்றுப் பழக்கம். கொட்டினோம். இரண்டாவது ஊறல் லேசாகக் கலங்கி, மூன்றாவது தெளிந்தது. பம்பை முழு வேகத்தில் ஓட்டினால் மணலையும் சேற்றையும் இழுத்துவிடும் என்பதால் டெலிவரி வால்வைப் பாதி மூடி, ஊறுகிற அளவுக்கே எடுத்தேன். சாயங்காலம் கண்ணாடி கிளாஸில் பிடித்துக் காட்டியபோது பாஸ்கால் அதன் வழியே தன் விரலை எண்ணிப் பார்த்தார்.

5. வானத்தைப் பார்த்தேன்

வேலை முடித்துக் கிளம்பும்போது பாஸ்கால் கேட்டார். "சகாயம், இன்ஜினைத் தண்ணிக்கு இம்புட்டுப் பக்கத்துல வச்சிருக்கியே. ஆறு ஏறினா?"

நான் வானத்தைப் பார்த்தேன். ஒரு மேகம் இல்லை. "மழை எங்க இருக்கு? இன்னும் இறங்கத்தான் செய்யும். இறங்கினா இன்ஜினை இன்னும் கொஞ்சம் கீழ தள்ளிக்கிடுவோம். பத்து வருஷமா பம்பு இறக்குதேன் வே" என்றேன்.

அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். நான் ஸ்பேனர்களைத் துடைத்துப் பெட்டியில் வைப்பதில் மும்முரமாக இருந்தேன்.

காலையில் போனால் மணல் திட்டு இல்லை. உறை இல்லை. பழுப்புத் தண்ணீருக்கு மேலே இன்ஜினின் புகைக்குழாய் மட்டும் ஒரு சாண் நீட்டிக்கொண்டு நின்றது. ஆறு வருகிற திசையில், தெற்கே, கோவில்பட்டிக்கும் மதராஸுக்கும் உள்ள தூரத்தைவிட அதிக தூரத்தில் பெய்த மழைக்கு இங்கே ஆறு ஏறியிருந்தது. ஒரு துளி மழை பெய்யாமல் ஆறு ஏறும் என்பது என் புத்தியில் இல்லவே இல்லை. எங்கள் பக்கத்து மெக்கானிக் ஒருத்தனுக்கும் இருந்திருக்காது. தண்ணீர் என்றால் இறங்குவது என்றே வளர்ந்த கூட்டம் நாங்கள்.

எலிசா அம்மா கொடுத்த நாலு நாளில் இரண்டு போயிருந்தது. கரையில் நின்று கத்தத்தான் என்னால் முடிந்தது. பாஸ்கால் சட்டையைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, இடுப்பில் கயிற்றோடு உள்ளே போனார். போனவர் வெளியே வருகிற வரை நான் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். இன்ஜினில் கயிறு கட்டி, அவருடைய சொந்தக்கார மீனவர்கள் சேர்ந்து இழுத்துக் கரையேற்றினார்கள்.

எனக்கு வந்த கோபத்தை எங்கே காட்டுவது. "முன்னாடியே அடிச்சுச் சொல்லிருக்கக் கூடாதாவே?" என்று அவரிடமே பாய்ந்தேன்.

"சொன்னேன். நீ வானத்தைப் பார்த்த. நாங்க கம்பத்தைப் பார்ப்போம்" என்றார்.

அருவியில் அவர்கள் நட்டுவைத்த மரக்கம்பங்களுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். ஒவ்வொரு வருஷமும் வெள்ளம் ஏறிய உயரத்துக்குக் கோடாலியால் கொத்தி வைத்திருந்தார்கள். அவருடைய பெரியப்பா அந்தக் கொத்துகளைத் தடவிப் பார்த்து, இந்த ஏற்றம் எது வரை வரும் என்று தன் மார்பில் கை வைத்துக் காட்டினார். நான் அந்தக் கிழவருக்குக் கும்பிடு போட்டேன். அவருக்கு அது புரிந்ததோ என்னவோ, அவரும் கை குவித்தார்.

பிறகு வேலை நடந்த வேகம் இருக்கிறதே. எவ்வளவு மேலே தோண்ட வேண்டும் என்பது அவர்கள் சொன்னது. கரை மேட்டில், மாமரத்தின் அடியில் இடம் காட்டினார்கள். அங்கிருந்து எவ்வளவு கீழே போக வேண்டும், சரியாமல் எப்படி உறை இறக்குவது என்பது என் வேலை. கரிசல் கிணற்றில் கற்ற வித்தை முழுவதையும் அங்கே கொட்டினேன். நேற்றுச் சிரித்தவர்களே மண் சுமந்தார்கள். முங்கிய இன்ஜினைச் சங்கரலிங்கம் சார் வீட்டு முற்றத்தில் பிரித்துப் போட்டு, ஆயிலை வடித்து, ஒவ்வொரு உறுப்பாக டீசலில் கழுவித் துடைத்துப் பூட்டினேன். முதல் சுற்றில் இருமியது. இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கு நிகரான சங்கீதம் நான் கேட்டதில்லை.

6. சார்வாளோடு சண்டை

நாலாவது நாள் விடிந்தபோது புது ஊற்றில் தண்ணீர் தெளிந்து நின்றது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டியில் பீப்பாய்களை ஏற்றிவிட்டேன். சங்கரலிங்கம் சார் வண்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

"அனுப்பக் கூடாது அண்ணாச்சி."

"ஏன், தெளிவா இல்லையா?"

"தெளிவு வேற, சுத்தம் வேற. பக்கத்துல கக்கூஸ் குழி இருக்கான்னு பார்க்கணும். பவுடர் போட்டு, தண்ணியில அது மிச்சம் எம்புட்டு நிக்குதுன்னு சோதிக்கணும். மத்தியானம் வரைக்கும் விடுங்க."

"பிள்ளைக செத்துப்போயிருமே சார்வாள்."

"அதுக்குத்தான் சொல்லுதேன். பெரியவன் குடிச்சா வயித்தை வலிக்கும். அந்தப் பிள்ளைக குடிச்சா போயிரும்."

எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். படிப்பு அதிகமானால் இரக்கம் குறையும் என்றுகூடச் சொன்னேன். அவர் வண்டியை விட்டு நகரவில்லை. பவுடர் கலந்த தண்ணீரைச் சோதனைக் குழாயில் பிடித்து மருந்து விட்டு, நிறத்தைப் பார்த்து, குறித்து, மறுபடி பார்த்தார். மத்தியானம் தாண்டியதும் ஒரு கிளாஸ் நிறைய எடுத்துத் தான் குடித்தார். "இப்போ அனுப்புங்க" என்றார். அவருக்கு மட்டும் பதைப்பு இல்லாமலா இருந்திருக்கும்.

வண்டி போனபோது எலிசா அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே தாய்மார்கள் துணி மூட்டைகளைக் கட்டி, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக் கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். அவர் பீப்பாய் மூடியைத் திறந்து பார்த்தார். முகர்ந்தார். பிறகு உள்ளே திரும்பி, "மூட்டையை அவுருங்க" என்றார். அவ்வளவுதான். எங்களுக்கு நன்றிகூடச் சொல்லவில்லை, நேராகப் பானைகளைக் கழுவப் போய்விட்டார். என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் மாலை போட்டிருக்கிறார்கள். அந்த இரண்டு வார்த்தைக்கு எதுவும் ஈடில்லை.

அதன் பின் ஊர் ஜனமும் குடத்தோடு வந்தது. எங்கள் பக்கத்து ஊற்றில் முறை உண்டு. யார் வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் வந்த வரிசையில்தான் மொள்ள வேண்டும். இதைப் பாஸ்காலிடம் சொன்னேன். அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஒரு ராணுவ அதிகாரியின் டிரைவர் ஜீப்போடு வந்து முன்னால் பிடிக்கப் பார்த்தபோது, "அந்தா, கடைசியா நிக்குதா பாரு மஞ்சத்துணிக்காரி, அவளுக்குப் பின்னால" என்று கையைக் காட்டினார். டிரைவர் முறைத்தான். பாஸ்கால் வால்வின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். டிரைவர் போய் வரிசையில் நின்றான்.

மறுபடி படகு விட்டதும் இன்ஜினியர் படிகாரத்தோடு வந்து சேர்ந்தார். ஊற்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதை மூட வேண்டாம், எப்போதும் தயாராக வைத்திருங்கள் என்று உத்தரவு போட்டார். கெட்டிக்கார மனிதர். நாளை என்ன வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

7. மேலே

என் ஒப்பந்தம் முடிந்து அறுபத்துமூன்றின் கடைசியில் கோவில்பட்டிக்குத் திரும்பினேன். சங்கரலிங்கம் சார் மட்டும் இருந்துவிட்டார். ஒர்க்‌ஷாப்பில் எனக்குக் காங்கோக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எந்தக் கிணற்றுக்கு இன்ஜின் இறக்கப் போனாலும், "இதுல தண்ணி எம்புட்டு ஏறும்?" என்று நான் முதலில் கேட்பேன். "தண்ணி ஏறுறதா? வெள்ளாமை பாக்குற சம்சாரிகிட்ட இப்படியா கேலி பேசுறது" என்பார்கள். ஆனாலும் மேடையை ஒரு முழம் உயர்த்தித்தான் கட்டுவேன். பின்னால் ஒரு ஐப்பசி அடைமழையில் கிணறுகள் முட்ட நிறைந்து, சுற்றுவட்டாரத்தில் இன்ஜின்கள் முங்கியபோது, நான் கட்டிய மேடைகளில் ஒன்றிலும் தண்ணீர் ஏறவில்லை. கேலி பேசியவர்கள் அன்று ஒர்க்‌ஷாப் வாசலில் வரிசையாக நின்றார்கள்.

அறுபத்துநான்கில் அந்த ஊரைக் கலகப்படை பிடித்துவிட்டது என்று பத்திரிகையில் வந்தது. பிறகு வெளிநாட்டுச் சிப்பாய்கள் வானத்திலிருந்து குதித்தார்கள், ஏகப்பட்ட பேர் செத்தார்கள் என்று வந்தது. யார் செத்தார்கள் என்று எந்தப் பத்திரிகை போடும்? பாஸ்கால் என்ற பெயரைத் தேடித் தேடிக் கண் வலித்தது. ஞானம்மாள் தினமும் ஜெபத்தில் சார்வாளையும் பாஸ்காலையும் சேர்த்துக்கொண்டாள். வேலையில் எனக்குப் புத்தி நிற்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் ஒர்க்‌ஷாப் வாசலில் சங்கரலிங்கம் சார் நின்றார். பாதியாக இளைத்திருந்தார். விமானத்தில் ஏற்றிக் காப்பாற்றப்பட்டவர்களில் அவரும் ஒருவர். ரயிலைவிட்டு இறங்கி, நாகலாபுரத்துக்குக்கூடப் போகாமல் நேரே என்னிடம் வந்திருக்கிறார். கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஒரு பெஞ்சில் உட்கார வைத்தேன். அவரே சொன்னார்.

"கரண்டு போச்சு அண்ணாச்சி. பம்ப் ஹவுஸ்ல குண்டு விழுந்துச்சு. டீசலும் இல்ல. ஊருக்கே ஊத்துத் தண்ணிதான். கயிறு போட்டு வாளியால எறைச்சாக. இந்தப் படைக்காரனும் வந்தான், அந்தப் படைக்காரனும் வந்தான். பாஸ்கால் ஒரே பேச்சுதான்: துப்பாக்கியை மாமரத்துல சாத்திட்டு வரிசையில நில்லு."

"நின்னானுவளா?"

"தாகம்லா. நின்னானுவ. எலிசா அம்மா வார்டை ஒரு நாள் மூடல."

"பாஸ்கால்?"

"இருக்காரு. கால்ல குண்டு உரசிச்சு, ஆனா நல்லா இருக்காரு. நம்ம ஊத்து பத்தலைன்னு அவராவே இன்னொண்ணு தோண்டினாரு. உறை எறக்கினதை நான் பார்த்தேன். நீங்க எறக்கின மாதிரியே இருந்துச்சு. நான் கெளம்பும்போது உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு."

"என்ன?"

"சகாயத்துக்கிட்ட சொல்லு, இதையும் மேலேதான் தோண்டிருக்கேன். அவன் அங்கன கவலைப்படாம இருக்கட்டும்னாரு."

முதலாளியும் மற்ற ஆட்களும் பார்த்துக்கொண்டிருக்க, கிரீஸ் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். சங்கரலிங்கம் சாரும் அழுதார். ராமசாமி அண்ணாச்சி ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை அமர்த்திவிட்டுக் கடைப்பையனிடம் கடம்பூர்ப் போளி வாங்கிவரச் சொன்னார்.

இளைய மெக்கானிக்குகளுக்கு நான் சொல்வது இதுதான். எந்த ஊரில் பம்பை வைத்தாலும் வானத்தைப் பார்க்காதீர்கள், அங்கே பிறந்தவனிடம் கேளுங்கள். உங்கள் தொழிலை அவன் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். நீங்கள் வந்த பிறகும் அங்கே பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வேண்டும்.